கதவோரத்து ரப்பரும் கண்ணுக்குத் தெரியாத துருவும்

சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் வாலிகண்டபுரம். வாலீசுவரர் கோயிலாலும், அண்மையில் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையாலும் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில், 1751ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் படைதிரட்டிப் பொருதனர். இன்று இவ்வழியே செல்வன படைகள் அல்ல. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் ஏற்றிய சிறு லாரிகளும், பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்து செல்லும் வேன்களும், மணவீட்டிற்கும் மருத்துவமனைக்கும் விரையும் கார்களும், வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் மேற்கொள்ளும் குடும்பங்களின் வண்டிகளும் இரவு பகல் பாராது ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு காலத்தில் செல்வந்தர் வீட்டு முற்றத்தில் மட்டுமே காணப்பட்ட மோட்டார் வண்டி, இன்று நடுத்தரக் குடும்பங்களின் உழைப்புக் கருவியாகிவிட்டது. வங்கியில் கடன் பெற்று, மனைவியின் நகையை அடகு வைத்து, வேன் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனையோ உள்ளன. இவர்கள் எஞ்சின் ஆயிலைத் தவறாது மாற்றுகின்றனர். டயரின் காற்றைப் பார்க்கின்றனர். கண்ணாடிக்கு முன் மாலையும் சாத்துகின்றனர். ஆனால் கதவைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர்ப் பட்டையை, பட்டறைக்காரர் 'பீடிங்' என்று கூறும் அந்தச் சிறு பொருளை, ஏறெடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்தப் பட்டை தேய்ந்து கிழிந்தபின் வண்டியின் உடலைத் துரு எவ்வாறு தின்கிறது, அதைத் தடுப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

துரு என்பது யாது?

இரும்பு நிலத்தினடியில் தனித்துக் கிடைப்பதில்லை. பிராணவாயுவோடு கலந்த தாதுவாகவே அது கிடைக்கின்றது. ஆலையில் கரியும் கடும் வெப்பமும் கொடுத்து அக்கலப்பைப் பிரித்து, இரும்பைத் தனியே எடுக்கின்றோம். ஆயினும் வாய்ப்புக் கிடைத்தவுடன் அது பழைய உறவை நாடிச் செல்கிறது. நீரின் துணையோடு பிராணவாயுவுடன் மீண்டும் கூடிவிடுகிறது. இக்கூட்டமே துரு. நீரோ காற்றோ இரண்டில் ஒன்று இல்லையெனினும் துரு இல்லை. நீரில் உப்புக் கலந்திருப்பின் துருவின் வேகம் பன்மடங்கு பெருகும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் (1889–1980) என்னும் அறிஞர் இதை எளிய சோதனை ஒன்றினால் விளக்கினார். நன்கு தேய்த்த இரும்புத் தகட்டின்மீது ஒரு துளி உப்பு நீரை வைத்துக் கவனித்தார். துளியின் விளிம்பில்தான் காற்று மிகுதியாகக் கிடைக்கிறது. ஆதலின் இரும்பு விளிம்பிலேயே கெடும் என்று நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. காற்றுக் குறைவாக எட்டும் நடுப்பகுதியில்தான் இரும்பு கரைந்து குழிவிழுந்தது. நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே துரு வளையமாகப் படிந்தது. ஒரே தகட்டில் காற்று மிகுந்த இடமும் காற்றுக் குறைந்த இடமும் அருகருகே இருந்தால், அவை இரண்டும் சிறு மின்கலம்போல் இயங்குகின்றன. காற்றுக் குறைந்த இடம் பலியாகிறது.

வாசகர்கள் இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். திறந்த வெளியில் வெயிலும் காற்றும் படும் தகட்டைவிட, இரு தகடுகள் மடிந்து சேரும் இடுக்கிலும், ஈரமான ரப்பருக்கு அடியிலும், நனைந்த தரைவிரிப்பின் கீழும் உள்ள தகடு விரைவில் கெடுவது இதனாலேயே. துருவின் பருமன், அது தின்ற இரும்பின் பருமனைப்போல் பல மடங்கு. ஆகவே அது பெயின்டைக் கொப்புளமாக மேலே தள்ளுகிறது. அக்கொப்புளம் கண்ணில் படும் நாளில், உட்புறத்தில் தகடு பெரும்பாலும் அரிக்கப்பட்டிருக்கும்.

டெல்லியில் குத்புமினார் அருகே நிற்கும் இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாக மழையில் நனைந்தும் நிலைத்திருக்கிறதே என்று சிலர் வினவலாம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதன் துணையால் மேற்புறத்தில் உறுதியான காப்புப் படலம் ஒன்று படிந்துள்ளது. தூணோ மிகத் தடித்தது. நம் காரின் கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தையும் எட்டாதது. தூணுக்கு வாய்த்த பேறு கதவுத் தகட்டிற்கு வாய்க்கவில்லை. அதற்கு உள்ள காப்பு பெயின்டும், துத்தநாகப் பூச்சும், கதவோர ரப்பருமே.

ரப்பர் செய்யும் மூன்று பணிகள்

கதவு ரப்பர் என்று பொதுவாகக் கூறினும், அது ஓரிடத்தில் மட்டும் இருப்பதன்று. முதலாவது, கதவுக் கண்ணாடி கதவிற்குள் இறங்கும் இடத்தில், வெளிப்புறமாக அமைந்த ஒடுங்கிய பட்டை. கண்ணாடி ஏறி இறங்குகையில் அதிலுள்ள நீரையும் தூசியையும் வழித்து வெளியே தள்ளுவது இதன் வேலை. இரண்டாவது, கண்ணாடியின் இரு பக்கங்களிலும் மேற்புறத்திலும் அது பொருந்தி ஓடும் பள்ளத்திலுள்ள ரப்பர். மூன்றாவது, கதவு மூடும்போது அழுந்தி, கதவிற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கும் பீடிங். பல வண்டிகளில் இந்த மூன்றாவது பட்டையின் உள்ளே மெல்லிய இரும்புச் சட்டம் ஒன்று புதைந்துள்ளது. அச்சட்டமே வாசல் விளிம்பிலுள்ள தகட்டைக் கவ்விப் பிடிக்கிறது.

இங்கு ஓர் உண்மையைத் தெளிவாக்க வேண்டும். புத்தம் புதிய வண்டியிலும் கதவிற்குள் சிறிதளவு மழைநீர் இறங்கவே செய்யும். இதைத் தெரிந்தே வண்டியை வடிவமைத்தவர்கள், கதவின் அடிவிளிம்பில் இரண்டோ மூன்றோ வடிகால் துளைகளை அமைத்துள்ளனர். கதவின் உட்புற அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே இறங்கிய நீர் அத்தாளில் வழிந்து, துளை வழியே வெளியேறிவிடும். பெரம்பலூரில் நெடுங்காலம் டிங்கரிங் வேலை செய்த முதியவர் ஒருவர் நம்மிடம் கூறியது நினைவிற்கு வருகிறது: "சுவாமி, கதவுக்குள்ளே தண்ணி வர்றதைப் பத்திப் பயப்பட வேண்டாம். வந்த தண்ணி வெளியே போகலேன்னாத்தான் பயப்படணும்." பல நூல்களில் தேட வேண்டிய செய்தியை அவர் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டார்.

ரப்பர் ஏன் தேய்கிறது?

மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும்; குளிரில் இறுகி உடையும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது நிலைத்த தன்மை பெறும் என்று கண்டறிந்தார். மோட்டார் வண்டித் தொழிலுக்கே அடித்தளமிட்ட கண்டுபிடிப்பு அது. நம் பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்தில் இயங்கும் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையும் அந்த அடித்தளத்தின்மீது எழுந்ததே.

ஆயினும் கந்தகமேற்றிய இயற்கை ரப்பருக்கும் பகைவர் உண்டு. காற்றில் மிகச் சிறு அளவில் கலந்துள்ள ஓசோன், ரப்பரின் நீண்ட சங்கிலிகளை ஆங்காங்கே வெட்டுகிறது. இழுபட்டு நிற்கும் ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றுவது இதன் அடையாளம். இக்குறையைப் போக்கவே இக்காலத்து வண்டிகளில் 'ஈ.பி.டி.எம்.' என்னும் செயற்கை ரப்பர் பெரிதும் பயன்படுகிறது. ஓசோனையும் வெயிலையும் அது நன்கு தாங்கும். எனினும் அதுவும் சாகாவரம் பெற்றதன்று. நம் சித்திரை வெயிலில் ஆண்டுக்கணக்காக நிற்கும் வண்டியில் அதுவும் இறுகும், சுருங்கும், மூலைகளில் பிளவுபடும்.

நம் வட்டாரத்திற்கே உரிய காரணங்கள் சில உண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் கரிசல் மண் மிகுதி. இம்மண் ஈரத்தை எளிதில் விடாது. கதவின் அடியில் அப்பிக்கொண்டால் பல நாள் ஈரமாகவே இருக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்துள்ளன. அச்சாலைகளில் ஓடும் வண்டிகளின்மீது படியும் சிமென்ட் தூள், ஈரம் பட்டவுடன் இறுகி வடிகால் துளைகளை அடைத்துவிடுகிறது. களத்து மேட்டிற்குச் செல்லும் வண்டிகளில் மக்காச்சோளத் தூசியும் உமியும் சேருகின்றன. நிழல் வேண்டிப் புளியமரத்தடியில் நிறுத்துகின்றோம். அதன் நுண்ணிய இலைகள் கண்ணாடியோர இடுக்கில் நுழைந்து கதவிற்குள் விழுகின்றன. வெளிப்பட்டை இறுகிச் சுருங்கியிருந்தால் இவையாவும் தடையின்றி உள்ளே இறங்கும். இலையும் மண்ணும் சேர்ந்த சேறு கதவின் அடியில் தங்கும். அங்கே தகடு மடிக்கப்பட்ட இடுக்கு உள்ளது. எவன்ஸின் நீர்த்துளி செய்த வேலையை அந்தச் சேறும் செய்யத் தொடங்குகிறது.

இறுகிய ரப்பர் வேறொரு தீங்கும் செய்கிறது. அதில் ஒட்டிய மணல், கதவு அதிரும்போதெல்லாம் உப்புத்தாள்போல் பெயின்டைத் தேய்க்கிறது. பீடிங்கின் உள்ளிருக்கும் இரும்புச் சட்டமும் வெடிப்பின் வழியே நனைந்து துருப்பிடிக்கிறது. பாதுகாக்க வைத்த பொருளே ஈரத்தைத் தேக்கி வைத்துத் தகட்டை அரிக்கும் நிலை உண்டாகிறது.

தரைக்குச் செல்லும் தண்ணீர்

கதவோடு நின்றால் இழப்பு ஓரளவே. வாசல் பீடிங் கிழிந்தாலோ, உட்புறப் பிளாஸ்டிக் தாள் பிரிந்தாலோ, நீர் வண்டிக்குள் வருகிறது. தரைவிரிப்பின் மேற்புறம் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். அதனடியிலுள்ள பஞ்சுமெத்தை போன்ற பகுதியோ வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். வண்டிக்குள் மக்கிய வாடை வீசினாலும், காலையில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருந்தாலும், அடியில் நீர் தேங்கியுள்ளது என்று அறியலாம். வாசனைத் திரவியம் வாங்கித் தொங்கவிடுவது இதற்கு மருந்தாகாது.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று வாடகை வேனை நம்பி வாழ்ந்தது. பக்கக் கதவின் பீடிங் கிழிந்து ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படியே இருந்தது. அதை மாற்றச் சில நூறு ரூபாய் ஆகியிருக்கும். அடுத்த ஆண்டு விரிப்பை எடுத்துப் பார்த்தபோது, படியை ஒட்டிய தளத்தகடு அப்பளம்போல் நொறுங்கியது. தகடு வெட்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடிக்கப் பல ஆயிரம் ரூபாய் ஆயிற்று. சபரிமலைக்கும் பழனிக்கும் ஓயாது வாடகை கிடைக்கும் கார்த்திகை மாதத்தில் வண்டி பட்டறையில் நின்றது. தவணையோ நிற்கவில்லை. அக்குடும்பத் தலைவி வட்டிக்குக் கடன் வாங்கித்தான் பிள்ளைகளின் கட்டணத்தைச் செலுத்த நேர்ந்தது.

பணத்தினும் பெரிய இழப்பும் உண்டு. 2012ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், சென்னை தாம்பரத்தை அடுத்த பகுதியில், இரண்டாம் வகுப்புப் படித்த சிறுமி ஒருத்தி தான் பயணம் செய்த பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அப்பேருந்தின் சக்கரத்திலேயே சிக்கி உயிர்நீத்தாள். தமிழகமே கண்ணீர் வடித்த நாள் அது. சென்னை உயர்நீதிமன்றம் இதைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. பள்ளி திறக்குமுன் ஆண்டுதோறும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் பள்ளி வாகனங்களை வரிசையில் நிறுத்தித் தளம், படி, அவசரக் கதவு ஆகியவற்றைச் சோதிப்பதை நாம் இன்று காண்கின்றோம். எக்காரணத்தால் உண்டாயினும், தளத்தில் விழும் ஓட்டை உயிரைப் பறிக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? பள்ளி நடத்துவோரும், பிள்ளைகளை வேனில் அனுப்பும் பெற்றோரும், ஆண்டுக்கொருமுறை விரிப்பைத் தூக்கிக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

சொந்தக் கார் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதி பார்த்தே புதுப்பிப்பர். எஞ்சின் நன்றாக இருந்தும் உடல் துருவேறியதால் பழைய இரும்புக் கடைக்குச் சென்ற வண்டிகள் பல. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரும் மாருதி 800-உம் இன்றும் சில வீடுகளில் ஒளியோடு நிற்கின்றன என்றால், அவற்றின் தகட்டை ஈரமின்றிக் காத்தவர்களின் கவனமே காரணம்.

வீட்டிலேயே செய்யும் நான்கு சோதனைகள்

முதலாவது, கைச் சோதனை. பீடிங்கை விரலால் அழுத்துங்கள். அழுத்திய இடம் உடனே எழும்ப வேண்டும். எழாமல் பள்ளமாகவே நின்றாலும், மடித்துப் பார்க்கும்போது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலும், அதன் ஆயுள் முடிந்தது என்க.

இரண்டாவது, தாள் சோதனை. செய்தித்தாளில் ஒரு கீற்றைக் கிழித்து, கதவிடையே வைத்து மூடி, மெல்ல இழுங்கள். இழுவையில் தடை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் இவ்வாறு பார்த்து, தளர்ந்த இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, விளக்குச் சோதனை. இரவில் ஒருவர் வண்டிக்குள் அமர்ந்து டார்ச் விளக்கைக் கதவோரமாக நகர்த்த, மற்றொருவர் வெளியே நின்று பார்க்கட்டும். ஒளி கசியும் இடத்தில் நீரும் கசியக்கூடும்.

நான்காவது, நீர்ச் சோதனை. குழாயை வேகமின்றித் திறந்து, கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கும் வழிந்து, ஓட்டை எது என்று தெரியாமல் போகும். உள்ளே ஒருவர் விளக்கோடு கவனிக்க வேண்டும். அப்போதே கதவின் அடியையும் பாருங்கள். கண்ணாடிமேல் ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் வடிகால் துளைகள் வழியே சொட்ட வேண்டும். சொட்டவில்லையெனில் துளை அடைபட்டுள்ளது.

அடைப்பை நீக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. தென்னை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, துளையில் மெல்ல விட்டுச் சுழற்றினால் போதும். இரும்புக் கம்பியோ ஆணியோ பயன்படுத்தினால் உட்புறப் பெயின்ட் கீறப்பட்டு, அக்கீறலிலேயே புதிய துரு பிறக்கும். அடைப்பு நீங்கியபின் கண்ணாடியை இறக்கி, சிறிது நீர் ஊற்றிச் சேற்றைக் கழுவி, கதவை வெயிலில் திறந்து உலர்த்த வேண்டும்.

மாற்றும் முறை

பீடிங் மாற்றுவதற்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை மாதங்கள். ஈரம் முற்றும் உலர்ந்திருக்கும். பழைய பட்டையை மெல்ல இழுத்தெடுத்து, அது கவ்வியிருந்த விளிம்பையும் பழைய பசையையும் தூய்மை செய்ய வேண்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். விளிம்பில் துரு இருப்பதைக் கண்டும், அதன்மேலேயே புதிய ரப்பரை அழுத்திவிடுகின்றனர். அது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதற்கு ஒப்பாகும்.

துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, பளிச்சிடும் இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். குழிகளில் ஒளிந்திருக்கும் துருவிற்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை துருவோடு வினைபுரிந்து நிலைத்த படலமாக மாற்றுகின்றன. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே அதைக் கையாள வேண்டும்; பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பின்னர் பிரைமர் ஒரு பூச்சு, அது உலர்ந்ததும் பெயின்ட் இரண்டு பூச்சு. நன்றாகக் காய்ந்த பின்னரே ரப்பரைப் பொருத்த வேண்டும்.

புதிய பீடிங்கை அந்த வண்டிக்கே உரியதாகப் பார்த்து வாங்குவது நன்று. கனமும் வடிவும் மாறினால் கதவு சரியாகப் பொருந்தாது. பழைய பட்டையில் ஒரு சாண் நறுக்கி எடுத்துச் சென்று கடையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருத்தும்போது இழுத்து நீட்டக்கூடாது. நீட்டிய ரப்பர் சில வாரங்களில் சுருங்கி, இணைப்பில் வாய் திறக்கும். சற்றுத் தாராளமாகவே வைத்து அழுத்த வேண்டும். இரு முனைகளும் சேரும் இடம் வாசலின் மேற்புறத்தில் வரலாகாது, கீழ்ப்படியின்மீது அமையட்டும். புதிய ரப்பர் பொருத்திய சில நாள்கள் கதவு இறுக்கமாகவே மூடும். அதற்கஞ்சி ரப்பரைச் சீவிவிடாதீர். நாளடைவில் அது தானே படிந்துவிடும்.

கதவின் உட்புற அட்டையைக் கழற்ற நேர்ந்தால், பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் திரும்ப ஒட்ட வேண்டும். ஸ்பீக்கர் பொருத்துவோர் இத்தாளை வெட்டி எறிந்துவிடுவதால், அடுத்த மழையில் நீர் நேரே தரைவிரிப்பில் இறங்குகிறது. இக்காலத்து வண்டிகளின் கதவிற்குள் மின்கம்பிகளும் மோட்டாரும் உணர்கருவிகளும் உள்ளன. ஆதலின் இவ்வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே முறை.

தளத்தில் ஓட்டை விழுந்துவிட்டதெனில், கெட்ட பகுதியை வெட்டி நீக்கி நல்ல தகடு வைத்துப் பற்றவைப்பது ஒன்றே வழி. துருவின்மேல் பட்டி பூசுவதும், தார்த்தாள் ஒட்டுவதும் குற்றத்தை மறைப்பனவேயன்றிக் குணப்படுத்துவன அல்ல. பட்டி ஈரத்தை உறிஞ்சி, அடியிலுள்ள துருவிற்கு உணவூட்டும். வெல்டிங் செய்யுமுன் விரிப்பு, ரப்பர் முதலியவற்றை எடுத்துவிட்டு, பேட்டரியின் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். தீப்பொறி பட்டு இருக்கையே எரிந்த வண்டிகள் உண்டு.

செய்யத் தகாதவை

ரப்பர் மின்ன வேண்டுமென்று மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், கிரீஸ் ஆகியவற்றைத் தடவுவோர் உளர். ஓசோனைத் தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பரும் கனிம எண்ணெயைத் தாங்காது, உப்பி இளகிவிடும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் சிலிகான் கலந்த மசகைச் சிறிதளவு தடவுதலே போதும்.

கழிவு ஆயிலை வண்டியின் அடியிலும் கதவிற்குள்ளும் தெளிப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அது தூசியைச் சேர்த்து வடிகாலை அடைக்கும், ரப்பரைக் கெடுக்கும், சொட்டிய இடத்து மண்ணையும் கிணற்று நீரையும் மாசுபடுத்தும். இதற்கெனவே விற்கப்படும் மெழுகுப் பூச்சைக் கதவின் உட்புறம் தெளிக்கலாம். அப்போதும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் பீச்சுக்குழாயைப் பீடிங்கிற்கு நேராக அருகில் பிடிக்க விடாதீர். எந்த மழையும் புகாத இடத்தில் அது நீரைப் புகுத்திவிடும். நனைந்த வண்டியின்மேல் உடனே உறை போட்டு மூடுவதும் தீது. காற்றில் ஈரம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. உறைக்குள்ளோ ஈரம் அதனினும் மிகுதி. சிமென்ட் தூள் படிந்த வண்டியை முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டுப் பின்னரே நீர் ஊற்றுங்கள். வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களுக்குச் சென்று திரும்பினால், மறுநாளே நல்ல நீரால் வண்டியின் அடிப்பகுதியையும் கதவுகளின் கீழ்விளிம்பையும் கழுவி உலர்த்துங்கள். உப்புக் காற்று கண்ணுக்குத் தெரியாமலேயே வண்டியோடு வீட்டிற்கு வந்துவிடுகிறது.

ஆண்டு முழுவதற்குமான ஒழுங்கு

நம் மக்கள் மாதங்களைக் கொண்டே வேலைகளை நினைவில் வைப்பவர்கள். ஆதலின் இதையும் அவ்வாறே அமைத்துக்கொள்ளலாம். பங்குனி, சித்திரையில் விரிப்பைத் தூக்கித் தளத்தைப் பார்த்து, துரு நீக்கி, ரப்பரை மாற்றுங்கள். ஆவணி, புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், நீர்ச் சோதனை செய்து வடிகால் துளைகளை ஈர்க்கினால் துப்புரவு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓயும் போதெல்லாம் கதவுகளை ஒரு மணி நேரமேனும் திறந்து வைத்து உலரவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பனித்துளி கண்ணாடியில் வழிந்து கதவிற்குள் இறங்கும். காலையில் துணியால் துடைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள்.

இவ்வேலைகளில் வீட்டிலுள்ள பிள்ளைகளையும் ஈடுபடுத்துமாறு பெற்றோரை வேண்டுகிறோம். தாள் சோதனையையும் விளக்குச் சோதனையையும் அவர்கள் விளையாட்டாகவே செய்வர். எவன்ஸின் நீர்த்துளிச் சோதனையை ஒரு பழைய பிளேடின்மேல் உப்புநீர் வைத்து வீட்டிலேயே காட்டலாம். பெரியவர் அருகிருந்து பிளேடைக் கையாண்டால் போதும். பள்ளி நூலில் படித்த வேதியியல், தம் தந்தையின் வண்டிக்கும் தம் வீட்டுச் சோற்றிற்கும் உரியது என்பதை அவர்கள் அப்போது உணர்வர்.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. இன்று மாலை வண்டி வீடு வந்து சேர்ந்ததும், கதவைத் திறந்து அந்தக் கறுப்புப் பட்டையை ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். அது எழும்பாவிடில், அடுத்த மழைக்குமுன் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாயும் ஒரு நாள் உழைப்பும், ஒரு குடும்பத்தின் பிழைப்பையும், அவ்வண்டியில் அமரும் பிள்ளைகளின் உயிரையும் காக்குமெனில், அச்செலவு செலவாகுமோ?